ஒடிந்த சிறகும் ஒரு சட்டிக் குழம்பும்

மொழி, இலக்கியம், பிள்ளைகளின் படிப்பு என்று கனமான பொருள்கள் இடம்பெறும் நம் சங்க மலரில் கோழியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் மூக்கின் மேல் விரல் வைக்கலாம். வைக்கட்டும். மைசூரு, மண்டியா பக்கங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், தனி வீடும் கொஞ்சம் கொல்லையும் வாய்த்தவர்கள் பலர் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறோம். கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர், "எங்க கோழிக்கு றெக்கை ஒடிஞ்சு தொங்குதுங்க, என்ன பண்றது?" என்று கேட்பதும், "என்ன பண்றது, சட்டியை அடுப்புல வையுங்க" என்று இன்னொருவர் சொல்வதும், எல்லாரும் சிரிப்பதும் வழக்கம். கேட்டவர் வீடு திரும்பிய பிறகு அந்தக் கோழி என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

பெரும்பாலும் என்ன ஆகிறது? அறுப்பதும் இல்லை, வைத்தியம் செய்வதும் இல்லை. மஞ்சளை அப்பி, ஒரு கூடையைப் போட்டுக் கவிழ்த்து, "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். மூன்றாம் நாள் காயத்தில் புழு நெளிகிறது. அதன் பிறகு அறுத்தாலும் உண்ண முடியாது, வைத்தியம் பார்த்தாலும் பிழைப்பது அரிது. ஆக, யாருக்கும் பயனில்லாமல் ஓர் உயிர் கூடைக்கடியில் அணு அணுவாகச் சாகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சைவன் அல்லன். கோழிக் குழம்பு உண்பவன்தான். ஆகையால் உணவுக்காக அறுப்பவர்களைக் குறை கூற எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. ஆனால் சிறகு ஒடிந்த கோழிக்கு அன்றைக்கே ஒரு முடிவு வேண்டும். வைத்தியம் என்றால் ஒழுங்கான வைத்தியம். முடியாது என்றால் வலி நீளாத சாவு. இரண்டுக்கும் நடுவே கூடையைக் கவிழ்த்து நாள் கடத்துகிறோமே, அதுதான் கொடுமை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். பெரும்பாலான சிறகுக் காயங்களுக்கு வைத்தியம் செய்வது நாம் நினைக்கிற அளவுக்குக் கடினமும் அல்ல, செலவும் அல்ல.

மலைமேலும் மலைக்குக் கீழும்

எங்கள் குடும்பம் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தது. மேல்கோட்டை மலைக்குக் கீழே உள்ள ஒரு சிற்றூரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மேல்கோட்டையை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இராமானுசர் பல்லாண்டுகள் தங்கியிருந்த திருநாராயணபுரம் இதுதான். 1939-இல் மண்டியா தனி மாவட்டமாகப் பிரியும் வரை மைசூரு மாவட்டத்தோடு இருந்த ஊர். கோயில் வீதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களின் வீட்டுப் பேச்சில் இன்றைக்கும் தமிழ் இருக்கிறது. வைரமுடி உற்சவத்துக்கு நம்மில் பலர் ஆண்டுதோறும் வந்துபோகிறோம். மலைமேல் மரக்கறி உணவு, மலைக்குக் கீழே கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிச் சாறும். இரண்டும் அக்கம்பக்கத்தில் சண்டையின்றி வாழ்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் எங்கள் புள்ளிக் கோழியைக் கீரி பிடித்துவிட்டது. என் மனைவி போட்ட கூச்சலில் கீரி விட்டுவிட்டு ஓடியது. ஆனால் இடது சிறகு முழங்கைக்குக் கீழே ஒடிந்து தரையில் இழுபட்டது. தோலில் இரண்டு பல் குறி, இரத்தம். பக்கத்து வீட்டு அஜ்ஜி எட்டிப் பார்த்து, தமக்குத் தெரிந்த தமிழும் கன்னடமுமாக, "இனி இது உளியாது, சாறு வெச்சுடு" என்றார். மலைமேல் எங்களுக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். முட்டைகூடத் தொடாதவர். கோழியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பாவம், பட்சி. கட்டுப் போட்டுத்தான் பாருங்கோளேன்" என்றார். மறுநாள் காலையில் தம் பழைய வேட்டியைத் துவைத்து, நான்கு விரல் அகலத்தில் கிழித்துக் கொடுத்தனுப்பினார். நைந்து மெத்தென்றிருக்கும் பழைய பருத்தித் துணியைப்போல் கட்டுக்கு ஏற்றது வேறில்லை என்பதை அதற்குப் பிறகு அந்தக் கோழியை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

முதலில் நாங்கள் கொண்டுபோன ஓர் இடத்தில், "ஒரு கோழிக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த இளம் மருத்துவர் சிரிக்கவில்லை. காயத்தைக் கழுவி, சிறகை மடித்துக் கட்டி, மருந்து எழுதித் தந்தார். அவரிடம் பேசுவதற்குக் கன்னடம் அதிகம் தேவைப்படவும் இல்லை. நம் கோழி அவர்களுக்குக் 'கோளி', றெக்கை 'ரெக்கெ', முட்டை 'மொட்டெ'. கீரி மட்டும் 'முங்குசி' ஆகிவிடுகிறது. மொழி தெரியாது என்று சொல்லிக் கால்நடை மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காயம் எங்கிருந்து வருகிறது?

கீரி, நாய், பூனை, பருந்து ஆகியவற்றின்மேல் பழி போடுவது எளிது. ஆனால் சிறகு ஒடிவதற்கு நாமும் காரணம். சந்தையில் கோழியை எப்படித் தூக்குகிறோம்? இரண்டு சிறகையும் பின்னால் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுகிறோம். கால்களைக் கட்டி, தலைகீழாகச் சைக்கிள் கைப்பிடியிலும் பைக்கிலும் மாட்டுகிறோம். ஒன்றரைக் கிலோ எடை, படபடவென்று அடித்துக்கொள்ளும்போது அந்த மெல்லிய எலும்பு தாங்குமா? கோழியை இரு கையாலும் சிறகுகளின் மேல் அணைத்துப் பிடித்து, ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, தலை மேலே இருக்கும்படி தூக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். இருட்டிய பிறகு கோழிக்குப் பார்வை மங்கும். அப்போது பிடித்தால் துரத்தவே வேண்டியதில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் தரும்படி எடுத்துச் செல்வது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். இந்தச் சட்டம் பிறந்த கதையில் நமக்குப் பெருமை உண்டு. மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபோது இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பயனாகவே அரசு 1960-இல் இச்சட்டத்தை இயற்றியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆனால் முதல் குற்றத்துக்குச் சட்டம் விதித்த தண்டத் தொகை பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான்! ஒரு கோழி முட்டை குழம்பு விற்கும் விலையைப் பார்த்தால், இந்தத் தண்டத்துக்கு யார் அஞ்சுவார்? சட்டம் காப்பாற்றாத இடத்தில் வளர்ப்பவன் கைதான் காப்பாற்ற வேண்டும்.

நாமக்கல்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழியை ஆயிரக்கணக்கில் எண்ணும் மண்ணிலிருந்து வந்தவன் நான். கம்பிக் கூண்டில் நடமாட இடமின்றி முட்டையிடும் கோழிகளின் எலும்பு வலுவிழந்து, பிடிக்கும்போதே ஒடிவது உலகெங்கும் அறியப்பட்ட செய்தி. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீவனத்தில் போதாவிட்டால் கோழி அதைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் பழைய வகைக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையை இந்தப் பொருள் குறித்தே வெளியிட்டது. பண்ணையில் ஒரு கோழிக்குச் சிறகு ஒடிந்தால் தனியே கவனிக்க வழியில்லை, எண்ணிக்கை அப்படி. கொல்லையில் ஐந்து கோழி வளர்க்கும் நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

முதல் நாள் செய்ய வேண்டியது

எல்லாச் சிறகுத் தொங்கலும் ஒடிவு அல்ல. காயமோ வீக்கமோ இல்லாமல் சிறகு தொங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் அது வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம். இராணிக்கெட் என்று மருத்துவர்களும், கொக்கரெ ரோகம் என்று கன்னடத்தாரும் சொல்வது இதைத்தான். மாரெக்ஸ் என்ற நோயிலும் சிறகும் காலும் செயலிழக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் சோர்ந்தாலோ திடீரென்று செத்தாலோ தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். 2020 மார்ச்சில் மைசூரு நகரிலேயே பறவைக் காய்ச்சல் வந்து கோழிகள் அழிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை.

காயம்தான் என்று தெரிந்தால், முதலில் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அதிர்ச்சியில் அது சட்டென்று குறையும். ஆகவே வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தால் போதும். வேண்டுமானால் அருகில் ஒதுங்கும், வேண்டாவிட்டால் விலகும். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயின் வாய் நாக்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். கிண்ணத்தில் வைத்தால் தானே குடிக்கும்.

மற்றக் கோழிகளிடமிருந்து உடனே பிரிக்க வேண்டும். சிவந்த காயத்தைக் கண்டால் மற்றவை கொத்தத் தொடங்கும், கொத்தினால் நிறுத்தாது. நேற்று வரை கூடவே மேய்ந்தவைதானே என்று நம்பி விட்டால் ஒரே இரவில் கதை முடிந்துவிடும்.

காயத்தைக் கழுவ, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு போதும். அயோடின் மருந்து இருந்தால் வெளிறிய தேநீர் நிறம் வரும் வரை நீர் கலந்து பயன்படுத்தலாம். மண்ணெண்ணெய், சாம்பல், சுண்ணாம்பு, பொட்டுப்பொட்டாக அப்பிய மஞ்சள் ஆகியவை வேண்டாம். காயத்தை மூடி மறைப்பதால் உள்ளே சீழ் பிடிப்பது தெரியாமல் போகும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும். எனவே காலையும் மாலையும் இறகை விலக்கிப் பார்ப்பதும், பெட்டியைக் கொசுவலையால் மூடுவதும் கட்டாயம்.

கோழியின் சிறகும் நம் கையைப் போன்றதே. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று மூட்டு உண்டு. தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்டது ஓர் எலும்பு. அது உள்ளே கூடானது, மூச்சுக் காற்றுப் பையோடு தொடர்புடையது. அந்த எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. ஈரத் துணியால் சுற்றிலும் ஒற்றியெடுத்து மருத்துவரிடம் ஓட வேண்டும். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பு. ஒன்று மட்டும் ஒடிந்தால் மற்றது அதற்குத் தப்பைபோல் துணை நிற்கும். எங்கள் புள்ளிக்கு இந்த இடத்தில்தான் ஒடிந்தது. அது அதன் நல்லூழ்.

கட்டுப் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. அக்கறையால் இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒடிந்த சிறகை இயல்பாக மடித்து உடம்போடு சேர்த்து, நல்ல சிறகை வெளியே விட்டு, துணியை அதன் அடியில் கொண்டுபோய் உடம்பைச் சுற்றுங்கள். கட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். ஒட்டும் பிளாஸ்திரி இறகைப் பிய்க்கும், தவிர்க்கவும். கோழி நேராக நின்று, வாய் மூடி மூச்சு விடுகிறதா என்று பத்து நிமிடம் உடனிருந்து பாருங்கள்.

இத்தனையும் முதலுதவிதான். எலும்பு வெளியே தெரிந்தாலும், நாயோ பூனையோ கீரியோ கடித்திருந்தாலும், சிறகு நுனி குளிர்ந்து கறுத்தாலும், நாற்றம் வந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கடித்த பல்லோடு உள்ளே போகும் கிருமி மறுநாளே இரத்தத்தில் பரவக்கூடும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையைக் கேட்டுப் பாருங்கள்.

மருந்துப் பெட்டியில் கை வைக்குமுன்

நமக்கு வாங்கிய வலி மாத்திரையில் கால் துண்டைக் கோழிக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பறவையின் உடம்பில் சில மருந்துகள் என்ன செய்யும் என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே சான்று இருக்கிறது. பெங்களூருவிலிருந்து மைசூரு வரும் வழியில் இராமநகரம் பாறை மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பதற்கென்றே 2012-இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் கோடிக்கணக்கில் இருந்த அந்தக் கழுகுகள் அழிந்ததற்கு முதன்மைக் காரணம், மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. 2023-இல் கீட்டோப்ரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் அதே காரணத்தால் தடையாயின. பறவைக்குப் பொருந்தும் வலி மருந்தும் இருக்கிறது. அளவோடு கொடுக்க வேண்டியவர் மருத்துவர்.

கோழிக்கு மருந்து கொடுத்த பிறகு அதன் முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்றும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்து, தேறவில்லை என்று மூன்றாம் நாள் குழம்பு வைத்தால் அந்த மருந்து நம் பிள்ளைகளின் தட்டுக்கு வந்துவிடும். 'சற்றுப் பார்ப்போம்' என்ற அரைகுறை மனம் கோழிக்கு மட்டுமன்றி நமக்கும் கேடு என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று வாரம்

பறவை எலும்பு விரைவில் கூடும். இரண்டு முதல் மூன்று வாரத்தில் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் கட்டை விட்டுவைத்தால் மூட்டு இறுகிவிடும். மருத்துவர் சொன்ன நாளில் அவிழ்த்து, சிறகை மெல்ல நீட்டி மடக்கிப் பழக்க வேண்டும்.

இந்த நாட்களில் தீவனத்தோடு கேழ்வரகு கொடுங்கள். மண்டியா மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை, சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. கிளிஞ்சல் தூளோ, வேகவைத்துப் பொடித்த முட்டை ஓடோ தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். கொஞ்சம் கரையான் கிடைத்தால் கோழிக்கு அது விருந்து. முட்டையிடுவது நின்றுபோகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

தனியே வைத்தாலும் மற்றவற்றின் கண்ணில் படும்படி கம்பி வலைக்கு இப்பால் வையுங்கள். கோழிகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்ற வரிசை உண்டு. 1920-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப்-எப்பெ இதை விரிவாக எழுதினார். நம் பாட்டிமாருக்கு அதற்கு முன்பே தெரியும். பல நாள் காணாமல் போன கோழியைத் திடீரென்று உள்ளே விட்டால் புதியவள் என்று நினைத்து அடிக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அடி குறையும். கூட்டில் சேர்த்த பிறகும் உறங்கும் கழியைத் தாழ்த்திவிடுங்கள். ஒற்றைச் சிறகால் சமநிலை கிடைக்காது. உயரத்திலிருந்து விழுந்தால் மீண்டும் ஒடியும். சேவலைச் சில வாரம் விலக்கி வைப்பதும் நல்லது.

புள்ளியின் சிறகு நேராகக் கூடவில்லை. நுனி இன்றைக்கும் ஒரு விரற்கடை தொங்குகிறது. கொய்யா மரக் கிளையில் ஏறுவதை நிறுத்திவிட்டது. ஆனால் ஐந்தாம் மாதம் அடைக்கு உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. மழை நாளில் எல்லாக் குஞ்சையும் சிறகுக்குள் அணைக்கப் பார்க்கும். இடப் பக்கம் ஒரு குஞ்சு மட்டும் எப்போதும் வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அஜ்ஜிதான் இப்போது தினமும் அதற்கு அரிசி நொய் கொண்டுவந்து போடுகிறார்.

"ஐந்நூறு ரூபாய்க் கோழிக்கு இத்தனை பாடா?"

இது நியாயமான கேள்வி. எங்களுக்கு ஆட்டோவுக்கு முந்நூறு, மருந்துக்கு இருநூற்றுச் சொச்சம் செலவாயிற்று. கோழியின் விலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால் ஆதாயம் இல்லை. அன்றாடக் கூலிக்குப் போகும் குடும்பத்தை அரை நாள் வேலையை விட்டுவிட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு அலையச் சொல்ல மாட்டேன். அவர்கள் அன்றைக்கே அறுத்துச் சமைப்பதில் பிழையில்லை. அதுபோலவே எலும்பு பொடிப்பொடியாகி, மூச்சுத் திணறி, இரண்டு நாளாக இரை எடுக்காத கோழியை உயிர்ப் பாசத்தின் பெயரால் இழுத்துக்கொண்டே இருப்பதும் தருமம் ஆகாது. மருத்துவர் கையால் வலியின்றி முடித்துவைப்பதும் கருணைதான். முடிவை எடுப்பது வளர்ப்பவன் கடமை. நாட்களிடம் அதை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கக் கூடாது.

வசதியுள்ள நமக்கு நான் சொல்வது வேறு. வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கோழி என்றால் கடையில் தோலுரித்துப் பையில் போட்டுத் தரும் பண்டம். குளிருக்கு நடுங்கியதாக நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றித் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். நல்லது. ஆனால் மயிலுக்குப் போர்வை தேவைப்படவில்லை. கொல்லையில் சிறகு ஒடிந்து கிடக்கும் கோழிக்கு ஒரு முழத் துணி உண்மையாகவே தேவைப்படுகிறது. பாடத்தில் படித்த அருளைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

பழைய தமிழகத்தில் சேவலுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் சண்டைச் சேவல்களுக்காக நிறுத்திய, எழுத்துப் பொறித்த கற்கள் கிடைத்துள்ளன; ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. நாம் வந்து வாழும் இந்த மண்டியா மண்ணும் இதில் சளைத்ததல்ல. இதே மாவட்டத்து ஆதகூரில் 'காளி' என்ற வேட்டை நாய்க்கு 949-950-ஆம் ஆண்டில் கல் நட்டார்கள். காட்டுப் பன்றியோடு போரிட்டு, அதைக் கொன்று தானும் மடிந்த நாய் அது. அந்தக் கல்வெட்டு நம் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரையும் சொல்கிறது. இன்று அது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். தமிழரும் கன்னடரும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற காலத்திலும் ஓர் உயிரின் வீரத்தை மதிப்பதில் ஒரே மனமாய் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கற்களெல்லாம் சண்டையிட்ட சேவலுக்கும் நாய்க்கும்தான். சண்டையே போடாமல், தினம் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போகும் கோழிக்கு யாரும் கல் நட மாட்டார்கள். வேண்டாம். வலிக்கும் நேரத்தில் திரும்பிப் பார்த்தால் போதும்.

நிறைவாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம் நடத்துகிறோம். அடுத்த பொங்கல் விழாவையொட்டி, மாட்டுப் பொங்கல் அன்று அரை நாள் ஒதுக்கி, ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து, கோழி, ஆடு, நாய் ஆகியவற்றுக்கான முதலுதவியைத் தமிழிலும் கன்னடத்திலும் செய்துகாட்டச் சொல்லலாம். மேல்கோட்டை, பாண்டவபுரம் பக்கத்துக் கன்னட நண்பர்களையும் அழைக்கலாம். கோழி வளர்ப்பதில் அவர்கள் நமக்கு ஆசான்கள். பழைய வேட்டி, புடவை கொண்டுவருபவர்கள் கொண்டுவரட்டும்; நான்கு விரல் அகலத்தில் கிழித்து மடித்து வீட்டுக்கு ஒரு சுருள் கொடுத்தனுப்புவோம். கட்டுவது எப்படி என்று காட்டும் வேலையை நானும் என் மனைவியும் ஏற்றுக்கொள்கிறோம். செயற்குழு அன்பர்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.